தீனி வேளையில் ஓர் அடி பின்னால்

"பின்னாடி" என்று தேசப்பன் சொன்னதும் குதிரைகள் பின்னால் போயின. அதில் ஒன்றும் குறையில்லை. குளம்புகள் மணலில் புதைந்து எழும் சத்தம் அடங்கி, வால்கள் ஈ விரட்டுவதை நிறுத்தி, லாயம் முழுக்க வெந்த கொள்ளின் வாசனை மட்டும் நிறைந்திருந்த அந்த நேரத்தில், மூங்கில் தட்டிக்கு அந்தப்புறம், யாரும் இல்லாத பாதியில், இன்னும் ஒரு காலடி பின்னால் போனது. குளம்பு இல்லை. வெறுங்கால். ஈரமணலில் குதிகால் அழுந்துகிற சத்தம் எப்படியிருக்கும் என்று, பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூடையை இடுப்பில் இடுக்கியபடி அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். வாடைக்காற்று கூரையோலையைச் சரசரவென்று புரட்டியது. டச்சுக் கோட்டைப் பக்கமிருந்து ஒல்லாந்துச் சிப்பாய் எவனோ இருமினான். நண்டாக இருக்கும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டான். மனசு கேட்டுக்கொண்டது. மனசு எப்போதும் முதல்முறை கேட்டுக்கொள்ளும்.

நிலைப்படியில் உட்கார்ந்திருந்த அவன் மகள் ரங்கம்மா கன்னத்தில் கைவைத்தபடி சொன்னாள்: "பசிக்குதாம் நைனா. சொல்லேன்."

குதிரைகளைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, தொட்டியில் கூடையைக் கவிழ்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு, அடித்தொண்டையில் இழுத்துச் சொன்னான்: "வந்து எடுத்துக்கோ."

குதிரைகள் வந்து எடுத்துக்கொண்டன.

தேசப்பன் பிறவிக் குதிரைக்காரன் இல்லை. படகுக்காரன். ஒல்லாந்துக் கப்பலிலிருந்து குதிரைகளைக் கடலில் இறக்கி நீந்தவிட்டுக் கரையேற்றிய நாளில், எல்லாவற்றிலும் பெரிய குதிரை அலையில் திசை தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தபோது, படகிலிருந்து குதித்துப் பிடரியைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தவன் அவன். "குதிரைக்கு உன்னைப் புடிச்சுப்போச்சுடா" என்று சொல்லி, துரைமாருக்குப் பேச்சை மாற்றிச் சொல்லும் கோட்டைத் துபாஷி சுப்பராயலு அவனை லாயத்தில் போட்டுவிட்டார். குதிரைக்குப் பிடித்ததோ இல்லையோ, வேளை தவறாத கஞ்சி தேசப்பனுக்குப் பிடித்திருந்தது. ஊரே மரவேரைத் தோண்டித் தின்ற பஞ்சகாலம் அது. லாயத்தை ஒட்டிய குடிசையில் மனைவி கஸ்தூரியோடும் மகளோடும் வந்து தங்கிக்கொண்டான்.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பெரிய குதிரை கொள்ளைக் கண்டால் வாயை மட்டுமா திறந்தது? காலையும் தூக்கியது. காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொண்டு, நெஞ்சால் ஆளை இடித்துத் தள்ளிவிட்டுத் தொட்டியில் விழும். ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்த ரங்கம்மா தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். இன்னும் ஒரு சாண் குதிரை நகர்ந்திருந்தால் பிள்ளை நசுங்கியிருப்பாள். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இவள் ஒருத்திதான். அன்றைக்கு அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தேசப்பன் அழுத அழுகையை, அவன் அம்மா செத்ததற்குக்கூட அழுததில்லை.

மறுநாளே பாடம் தொடங்கியது. அடிக்கவில்லை. அடித்த குதிரை பயப்படும், மரியாதை கற்காது. கூடையோடு உள்ளே போவான். குதிரை பாய்ந்தால் கூடையோடு திரும்பி வெளியே போய்விடுவான். காதை ஒட்டவைத்தாலும் வெளியே. காலால் மண்ணைப் பறித்தாலும் வெளியே. கையை உயர்த்தி, "பின்னாடி" என்றால் ஓர் அடி பின்னால் போகவேண்டும். தலையைத் தாழ்த்த வேண்டும். கண் கொள்ளின்மேல் இருக்கக்கூடாது, அவன்மேல் இருக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் கூடை கவிழும். அவன் சொல்லும்வரை வாய் வைக்கக்கூடாது.

எப்படிச் சொல்வது என்பதில்தான் தடுமாறினான். உரக்கக் கத்தினால் குதிரைகள் மிரண்டன. கொஞ்சினால் மதிக்கவில்லை. கடைசியில், தண்ணீரில் மூழ்கி உடல் கரைக்குத் திரும்பாதவர்களுக்கு அவன் குப்பத்தில் அமாவாசைக்குக் கரையில் சோறு வைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு கூப்பிடுவார்களே, அந்தக் குரல் வாயில் தானாக வந்தது. தாழ்ந்து இழுத்த குரல். குதிரைகள் காதை முன்னால் சாய்த்து, பூனைபோல நடந்து வந்தன. நல்லதாய்ப் போயிற்று என்று அதையே வைத்துக்கொண்டான். ரங்கம்மா இப்போது குதிரைகளின் காலடியில் விளையாடினாலும் பயமில்லை.

தட்டிக்கு அந்தப்புறம் அப்போது ஆட்கள் இருந்தார்கள்.

லாயத்தின் மறுபாதியை ஒரு கப்பல் வியாபாரி வாடகைக்கு எடுத்திருந்தான். உள்நாட்டில் மழை பொய்த்து, ஒரு மரக்கால் நெல்லுக்குத் தங்களையே விற்றுவிட்டவர்களைக் கடல்தாண்டிக் கொண்டுபோவதற்காக அங்கே அடைத்துவைத்திருந்தான். ஒருவேளைக் கஞ்சி, அதிலும் முக்கால்வாசி தண்ணீர். கொள்ளு வேகும் வாசனை தட்டி இருக்கிறது என்று நின்றுவிடாது. தீனி வேளையில் மூங்கில் இடுக்குகளில் வரிசையாகக் கண்கள் தெரியும். ஒருபிடி அள்ளி அந்தப் பக்கம் கொடுத்தால் என்ன என்று தேசப்பன் நினைத்ததுண்டு. காவல்காரனின் பிரம்பு ஞாபகம் வரும். பேசாமல் கூடையைக் கவிழ்ப்பான். அவன் "பின்னாடி" என்னும்போது அந்தப் பக்கத்திலும் பேச்சு நிற்கும். "வந்து எடுத்துக்கோ" என்னும்போது அங்கே பெருமூச்சு கேட்கும்.

கார்த்திகை மாதக் கடலில் அவர்களைப் படகேற்றினார்கள். முகத்துவாரத்தைத் தாண்டுவதற்குள் படகுகள் கவிழ்ந்தன. ஓடிவிடாமலிருக்கக் கால்களைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் ஒருவரும் கரையேறவில்லை, ஓர் உடலும் ஒதுங்கவில்லை. வியாபாரி வேறு ஊர் பார்த்துப் போய்விட்டான். மறுபாதி அன்றிலிருந்து காலி.

காலியான இடத்தில்தான் அந்தக் காலடி.

மறுநாள் அது ஒற்றைக் காலடியாக இல்லை. குதிரைகள் பின்னால் போய் நின்றபிறகு, தட்டிக்கு அப்பால் மணல் நெரிபட்டது, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை. கூட்டமாக நிற்பவர்கள் சேர்ந்து ஓர் அடி பின்வைத்தால் வருமே, அந்தச் சத்தம். கூடவே ஒரு வாடை. சேற்றில் ஊறிய துணியை நிழலிலேயே காயப்போட்டால் வீசுகிற வாடை. தேசப்பன் சொல்லாமல் நின்றான். குதிரைகள் அவனையே பார்த்தபடி காத்திருந்தன. அந்தப் பக்கமும் காத்திருந்தது. மூச்சுகூட விடாமல் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் சொன்னான்.

புல் கொண்டுவரும் சந்தியாகுவிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அது கெடக்கட்டும் தேசப்பா, குதிரைங்க விலா இன்னா இப்டித் தெரியுது? கொள்ளை நீயே துன்றியா?"

"அய்யோ, மாதாமேல சத்தியம்ணா."

"உன் சத்தியத்துக்கு எங்க மாதாவ ஏன்டா இழுக்குற?" என்று புல்கட்டைப் போட்டுவிட்டுப் போனார்.

விலா தெரிந்தது உண்மைதான். வைத்த தீனி தொட்டியில் மீதமில்லை. குதிரைகள் மட்டும் வற்றிக்கொண்டே வந்தன. அன்று சாயங்காலம் சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாகத் தேசப்பன் திரும்பிப் பார்த்தான். குதிரைகள் தொட்டியில் தலையை விட்டிருந்தன. ஆனால் எந்தத் தாடையும் அசையவில்லை. கண்கள் வெள்ளை தெரிய விரிந்து, உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. தட்டியை ஒட்டிய ஓரத்திலிருந்து கொள்ளு குழிந்தது. ஒருபிடி. இன்னொரு பிடி. பக்கத்தில் இன்னொரு பிடி. குவியல் அடிவரை போனது. ஒரு மணிகூடச் சிந்தவில்லை.

பகல் வெளிச்சத்தில் தைரியம் திரட்டிக்கொண்டு மறுபாதிக்குள் போய்ப் பார்த்தான். மணலெல்லாம் குதிகால் தடங்கள். எல்லாம் தொட்டியைப் பார்த்தபடி, வரிசையாக, ஒவ்வொன்றும் தட்டியிலிருந்து ஓர் அடி பின்னால். தடங்களில் தண்ணீர் ஊறி நின்றது. விரல் நனைத்து நாக்கில் வைத்தான். உப்பு.

அதற்கு மேலும் கஸ்தூரியிடம் மறைக்க முடியவில்லை. அடுப்பில் கொள்ளுப் பானையைக் கிண்டிக்கொண்டே கேட்டவள், கரண்டியை நிறுத்தினாள்.

"இன்னான்னு கூப்புடுற?"

சொன்னான்.

"பேர் சொல்லித்தான கூப்புடுற?"

குதிரைகளுக்குத் துரைமார் வைத்த பெயர்கள் தொண்டையில் முள் சிக்கியவன் காறுவதுபோல இருக்கும். ஒன்றுகூட அவன் வாயில் நுழையவில்லை.

"யோவ்! உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? கரையில நின்னு அந்தக் கொரல்ல பேரில்லாம கூப்புடலாமாயா? நம்ம குப்பத்துல பால்குடிப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. பேர் சொன்னா பேருக்குண்டானவன் வருவான். சொல்லலேன்னா பசிச்சவன் அத்தினிபேரும் வருவான்."

"இப்ப இன்னாமே பண்றது?"

"நீயே பேர் வையி. பேரச் சொல்லி அதது வாயில போடு. பொறவு அவங்க போயிடுவாங்க."

அவன் பெரிய குதிரைக்குச் சிவலை என்று பெயர் வைத்தான். மற்றவை கருப்பன், சுழியன், வெள்ளைக்கால். அன்று மாலை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான். "சிவலை, வந்து எடுத்துக்கோ." சிவலை வந்தது. தாடை அசைந்தது. கடக் கடக் என்று பல் அரைக்கும் சத்தம் கேட்டபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தட்டிக்கு அந்தப்புறம் கால்கள் இடம் மாறின. ஒருவரையொருவர் ஏதோ கேட்டுக்கொள்வதுபோலக் கசகசவென்று ஓர் ஒலி எழுந்தது. நம்மைக் கூப்பிடவில்லையே என்பதுபோல. அப்புறம் அடங்கிவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் காலடியும் இல்லை, வாடையும் இல்லை. குதிரைகள் தேறின. தேசப்பன் சந்தியாகுவோடு கள்ளுக்குக்கூடப் போய்வந்தான்.

ஒருநாள் மட்டும், குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பியபோது, ரங்கம்மா தட்டியோடு தட்டியாக ஒட்டிக்கொண்டு, மூங்கில் இடுக்கில் வாயைவைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"யாராண்ட பேசுற?"

"சும்மா நைனா" என்று ஓடிவிட்டாள். பிள்ளைகள் சுவரோடும் பேசும், பொம்மையோடும் பேசும் என்று விட்டுவிட்டான்.

அன்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை.

தட்டில் சோற்றை வைத்தால் எழுந்து நிற்பாள். ஓர் அடி பின்னால் போவாள். கைகளைத் தொங்கவிட்டு, தலையைத் தாழ்த்தி, புருவத்தின் அடியிலிருந்து அப்பனை மட்டும் பார்ப்பாள். முதலில் விளையாட்டு என்று கஸ்தூரி சிரித்தாள். பிறகு கெஞ்சினாள், அதட்டினாள், வாயைப் பிளந்து ஊட்டினாள். சோறு கடைவாயில் வழிந்து விழுந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பிள்ளைக்கு உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, நிற்கும்போதே கால் துவண்டது. ஆனாலும் சோற்றைக் கண்டால் எழுந்து நின்றாள். ஓர் அடி பின்னால் போனாள். குடிசைக்குள் சேற்றுத்துணி வாடை வரத் தொடங்கியிருந்தது.

"அம்மன் கோயில் தண்ணியும் வேப்பிலையும் வாங்கியாறேன்" என்று கஸ்தூரி தலையை அள்ளி முடிந்துகொண்டாள். "பொழுது சாயறதுக்குள்ள வந்துர்றேன். புள்ளய உட்டு நவுராத."

பொழுது அவளுக்காகக் காத்திருக்கவில்லை. ஏரி ஈயத்தகடாக மங்கியது. நாரைக் கூட்டம் சத்தமில்லாமல் கடலைப் பார்த்துப் போனது. லாயத்தில் குதிரைகள் ஒன்றும் கனைக்கவில்லை. தேசப்பன் விளக்கை ஏற்றினான். மீன்குழம்பு விட்டுப் பிசைந்த சோற்றைத் தரையில் வைத்தான். ரங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஓர் அடி பின்னால் போனாள். கழுத்தெலும்பு துருத்தியிருந்தது.

அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாமலில்லை. இத்தனை நாளும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். பிள்ளை இன்று ராத்திரி தாண்டாது என்று பட்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் தப்பில்லை. கஸ்தூரியே சொன்னாளே. பேருக்குண்டானவள்தான் வருவாள்.

முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"ரங்கம்மா, வந்து எடுத்துக்கோ."

"தோ நைனா."

மகளின் குரல். அவனுக்கு உயிர் வந்தது.

"தோ நைனா."

அதே குரல். கதவுப் பக்கத்திலிருந்து.

"தோ நைனா." அடுப்பு மூலையிலிருந்து. "தோ நைனா." கூரைக்கு வெளியிலிருந்து. "தோ நைனா." காதுக்குப் பின்னாலிருந்து, ஈரமாக.

திரும்பினான்.

குடிசை நிறைய நின்றார்கள். ஆண்கள். பெண்கள். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. கணுக்காலில் கயிறு. முடியிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் விழும் சத்தம் மட்டும். எல்லோரும் சோற்றை நோக்கி ஒரு கால் எடுத்துவைத்திருந்தார்கள். நடுவில் ரங்கம்மா. அவளும் ஒரு கால் எடுத்துவைத்திருந்தாள்.

யோசிக்க நேரமில்லை. கை தானாக உயர்ந்தது.

"பின்னாடி!"

போனார்கள். ஓர் அடி. எல்லோரும். தலைகள் தாழ்ந்தன. கண்கள் சோற்றை விட்டு அவன்மேல் வந்து நின்றன. என்ன மரியாதை! சிவலைக்குக்கூட இவ்வளவு வந்ததில்லை. ரங்கம்மாவும் போனாள். அவர்களுக்கு நடுவில், எட்டாத தூரத்தில்.

"கண்ணு" என்று கிசுகிசுத்தான். பேர் சொல்லப் பயம். "இன்னாடா பண்ண நீ?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "அவங்களுக்குப் பேரே இல்லியாம் நைனா. யாருமே கேக்கலியாம். பேர் இருந்தாத்தான் சோறாம். அழுதாங்க. அதான் என் பேர வெச்சிக்கங்கன்னு குட்த்துட்டேன்."

அவள் தலைமுடியிலிருந்தும் ஒரு சொட்டு விழுந்தது.

தேசப்பன் கையை இறக்கவில்லை. இறக்கினால் வருவார்கள். பேசினால் வருவார்கள். பேசாமலிருந்தால் நிற்பார்கள். நிற்கட்டும். விடியும்வரை நிற்கட்டும். கை மரத்தது. தோள் கடுத்தது. மறுகையால் தாங்கிக்கொண்டான். எண்ணெய் குறைந்து திரி பொரிந்தது. பிள்ளையின் கண்ணையே பார்த்தான். அதை மட்டும் பார்த்தான். இத்தனை கண்களில் அது ஒன்றுதான் இன்னும் இமைத்தது.

வெளியே, ஏரிக்கரைப் பாதையில், அவசர நடை.

வேண்டாம். கத்த வாயெடுத்தான். கத்தினால் வருவார்கள். வாயை மூடினான். நடை நெருங்கியது. வேப்பிலை வாசனை. வேண்டாம் கஸ்தூரி. கூப்பிடாதே. எந்த நாளும் வாசலுக்கு வருமுன்னே கூப்பிட்டுக்கொண்டு வருவாளே. இன்றைக்கு மட்டும். இன்றைக்கு மட்டும்.

"ரங்கம்மா! எங்கடி கீற? அம்மாவாண்ட வா!"

தலைகள் எல்லாம் ஒருசேர வாசல் பக்கம் நிமிர்ந்தன. இமைத்துக்கொண்டிருந்த அந்தக் கண் இமைப்பதை நிறுத்தியது.

"தோ வந்துட்டேம்மா" என்று குடிசை முழுதும், ஒரே பிள்ளையின் குரலில் சொல்லிக்கொண்டு, அவர்கள் வாசலை நோக்கிப் போனார்கள்.